அறுபத்திரண்டு மைலுக்கு மேல்

அறுபது வரை ஒன்றுமில்லை.
அறுபத்தொன்றில்
யாரோ உதடு குவிப்பதுபோல் ஒரு தயக்கம்.
அறுபத்திரண்டில் ஆரம்பித்துவிடும்.
மைனாட்டிலிருந்து வில்லிஸ்டன் வரைக்கும்
என் இடது காதுக்கு ஒரு சாண் தள்ளி
மெல்லிய, விடாத விசில்.

"கேட்கிறதா?"
ஓரின் ரேடியோவை அணைத்தான்.
சூரியகாந்தி வயல் ஒன்று முடிந்து
இன்னொன்று வந்தது.
தலையாட்டிக்கொண்டிருந்தன எண்ணெய்ப் பம்புகள்.
"வண்டி நல்லாத்தான் இருக்கு, வெர்னா."

இருபத்துமூன்று வருடம்
துரப்பண மேடையில் நின்றவன்.
எஞ்சினைப் பிரித்துப் போட்டு
விடிவதற்குள் சேர்த்துவிடுவான்.
நான் சொல்வதைத்தான்
காதில் போட்டுக்கொள்ளமாட்டான் என்று
அவன் தங்கைகளிடமே சொல்லியிருக்கிறேன்.

எட்டுப் பேர் உட்காரும் வண்டி.
பிள்ளைகள் போனபின்
இரண்டு பேரும் ஒரு விசிலும்.

டுவேன் ஷாட்ஸ் வொர்க்‌ஷாப்பில்
தன் காப்பியை முடித்துவிட்டுச் சொன்னான்:
"காற்றடிக்கிற மாநிலத்தில்
காற்றுச் சத்தம் வராமல் என்ன செய்யும்?"
ஏப்ரலில் கல் பட்டு விரிந்த முன்கண்ணாடியை
மாற்றிக் கொடுத்தவன் அவன்தான்.
அதைப் பற்றி அவனும் பேசவில்லை,
எனக்கும் தோன்றவில்லை.

ஊதுகிற சங்கை ஊதிக்கொண்டே இருந்தேன்.
ஆகஸ்ட்டில் ஒரு ஞாயிறு,
என் வாயை அடைக்கவாவது ஆகட்டும் என்று
நீல டேப் ஒரு சுருள் வாங்கிவந்தான்.

கூரைக் கம்பிகளை ஒட்டினான். விசில்.
பக்கக் கண்ணாடியைச் சுற்றி ஒட்டினான். விசில்.
ஐந்து டாலர் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து
அறைந்து சாத்தி இழுத்தான்,
ரப்பர் தளர்ந்திருந்தால் வழுக்கி வந்துவிடுமாம்.
பாதிதான் வந்தது.
"கதவு இல்லை," என்றான்
கையிலிருந்த பாதியைப் பார்த்தபடி.

"எனக்குக் கேட்கவே இல்லையே" என்று அன்றும் சொன்னான்.

ஃபார்கோவிலிருந்து சோல்வெய்க் போனில் சொன்னாள்:
"அம்மா, சத்தத்தை வரைந்து காட்டும் செயலி இருக்கிறது."
ஓட்டிக்கொண்டு போய் வரைந்து வந்தோம்.
தாழ்வாக ஓடிய கோடு
நாலாயிரம் என்ற எண்ணுக்கு மேலே
ஊசிபோல் எழுந்து நின்றது.

ஓரின் அதை நெடுநேரம் பார்த்தான்.
உள்ளே போய்ச் சமையலறை இழுப்பறையைக் கிளறி
நாலாக மடித்த தாளோடு வந்தான்.
கம்பெனி எடுத்த காதுப் பரிசோதனை.
சமதளமாக வந்த கோடு
அதே நாலாயிரத்தில் குழிக்குள் விழுந்திருந்தது.
பானட்டின் மேல் தாளை விரித்து,
பறக்காமல் ஸ்பானரை வைத்து,
பக்கத்தில் என் போனை வைத்தான்.

"எப்போது எடுத்தது?"
"நாலு வருஷம் ஆச்சு."

அதற்குப் பிறகு
இருந்த இண்டு இடுக்கையெல்லாம் ஒட்டினான்,
கட்டுப்போட்ட யானை மாதிரி நின்றது வண்டி.
எழுபதில் போனோம்.
சத்தமே இல்லை.
"இனி ஒவ்வொன்றாக உரிக்கிறேன்,
நீ ஓட்டு. வந்ததும் என் தோளைத் தட்டு."

மூன்று மைல் போய், திரும்பி,
சரளைப் பாதையோரம் ஒரு பட்டை உரித்து,
மறுபடி மூன்று மைல்.
அவன் முகம் முன்பக்கம் பார்த்தபடி,
தோள் மட்டும் என் பக்கம் சாய்ந்து.

ஏழாவது பட்டையில் தட்டினேன்.

முன்கண்ணாடியின் இடது ஓரம், மேல் மூலை.
கறுப்புப் பட்டி நகக்கனம் தூக்கியிருந்தது.
அடியில் ஒரு கிளிப் உடைந்து,
இன்னொன்று போடப்படவே இல்லை.
டுவேன் ஷாட்ஸின் ஏப்ரல் மாதம்.
இரண்டு கிளிப், ஒட்டும் ரப்பர் ஒரு முழம்,
கட்டைவிரல் வெளுக்கும்வரை அழுத்தல்.
வேலை அவ்வளவுதான்.

திரும்பும்போதும் நானே ஓட்டினேன்.
எழுபது. எழுபத்தைந்து.
பழக்கதோஷத்தில் என் காது
அந்த ஒரு சாண் தூரத்தில் துழாவியது.

"எப்படி இருந்தது அது?" என்றான்.

உதடு குவித்து ஊதினேன்.
அவ்வளவு உச்சம் எனக்கு வராது,
வந்தவரை.
என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
கொஞ்சம் இறக்கினேன்.
இன்னும் கொஞ்சம்.

ஸ்டான்லி தாண்டி ராஸ் வருவதற்குள்
எங்கோ ஓரிடத்தில்,
சத்தம் புகாத அறைக்குள் உட்கார்ந்திருப்பவன்போல்
ஒரு விரலை உயர்த்தினான்.